காரம் விட்டவன்

தாராவி, மும்பை
12 செப்டம்பர் 2023

அன்புள்ள ஆனி அக்காவுக்கு,

சர்வேசுரனுக்குத் தோத்திரம். தம்பி தனசீலன் எழுதுகிறேன். நானும் லூர்தம்மாளும் ஜெனியும் மழையோடு மழையாகச் சுகமாக இருக்கிறோம். உன் முழங்கால் வலி எப்படி? மடத்தில் தரையில் முழந்தாள் போடுவதை மதர் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் என்ன?

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று தபால்காரர் வெங்கடேஷ் கேட்டார். என் அக்கா இருபத்தைந்து வருஷமாக அடைபட்ட மடத்தில் இருக்கிறாள், கம்பிக்கு அந்தப் பக்கம் போன் போகாது, கடிதம்தான் போகும் என்றேன். ஜெயிலா என்று கேட்டார். ஆமாம், ஆயுள் தண்டனை, கேட்டு வாங்கிக்கொண்டாள் என்று சொல்லி அனுப்பினேன்.

நம் ஜெனிக்கு வேலை கிடைத்துவிட்டது. 90 அடி ரோட்டில் பரீஹா என்று ஒரு பல் டாக்டர். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பதும், கருவிகளைச் சுத்தம் செய்வதும் இவள் வேலை. வீட்டுக்கு வந்ததும் எங்கள் வாயையும் பார்க்க வேண்டும் என்று டார்ச்சைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். "சம்பளம் குடுக்கிற எடத்துல பாரு தாயி" என்று மகளை விரட்டிவிட்டேன். லூர்து மட்டும் காட்டினாள், ஒரு சொத்தைப் பல் அகப்பட்டது.

பட்டறையில் எனக்கு வேலை அதிகம். தோல் வெட்ட இன்னும் ஓர் ஆள் வேண்டும், ஆள் வரவில்லை. மற்றபடி விசேஷம் ஒன்றுதான். மாதா திருவிழாவிலிருந்து பச்சை மிளகாயை விட்டிருக்கிறேன். ஒரு நேர்த்தி என்று வைத்துக்கொள்.

எங்களுக்காக வேண்டிக்கொள்.
உன் தம்பி,
சீலன்


6 அக்டோபர் 2023

அன்புத் தம்பி சீலனுக்கு,

இறைவன் உங்கள் மூவரையும் காப்பாராக. என் முழங்கால் என்னைவிட மூத்தது போல நடந்துகொள்கிறது. மற்றபடி நலம்.

நீயா மிளகாயை விட்டாய்? கஞ்சிக்கு ஏழு மிளகாய் கடித்துவிட்டு எட்டாவதற்கு அம்மாவிடம் அடி வாங்கியவன் நீ. நாக்கில் நீர் வழிய வழியத் தின்பாய். இத்தனை வயதுக்குப் பிறகு அதைக் கடவுளுக்கு விட்டுக்கொடுக்கிறாய் என்றால் அது சின்னக் காரியம் இல்லை. படித்தபோது என் கண் நிறைந்துவிட்டது. இதை மதரிடமும் சொன்னேன், உன் பேருக்கு ஒரு ஜெபமாலை சொன்னார்.

ஜெனியிடம் சொல், கருவிகளைக் கழுவுகிற கை ஆசீர்வதிக்கப்பட்ட கை. லூர்துவுக்கு என் அன்பு.

டிசம்பர் மூன்றாம் தேதி திருவருகைக் காலம் தொடங்குகிறது. அன்றிலிருந்து கிறிஸ்துமஸ் வரை கடிதம் வந்தாலும் என் கைக்கு வராது, மதரின் பெட்டியில் இருக்கும். தவக்காலத்திலும் ஈஸ்டர் வரை அப்படியேதான். நான் இங்கே வந்த வருஷத்திலிருந்து உனக்கு மனப்பாடமான விஷயம். ஆனாலும் வருஷா வருஷம் சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டியதை முன்கூட்டியே எழுது.

ஜெபத்தில் உன்னோடு,
அக்கா ஆனி


தாராவி
20 நவம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்போதும் போல ஜெபத்திலும் சிரிப்பிலும் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே மூவரும் சுகம்.

இந்த மாதம் முதல் ஞாயிறு நம் கோயில் மண்டபத்தில் பல் முகாம் நடந்தது. டாக்டர் பரீஹா சம்பளம் வாங்காமல் வந்தார். மைக் பிடித்து ஆள் கூப்பிட்டது உன் தம்பி. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வாசகம் வாசிக்கிற அதே குரலில், "பல்லு வலிக்கணும்னு இல்ல, சும்மா வந்து வாயத் தொறந்து காட்டிட்டுப் போங்க" என்று காலை முதல் கத்தினேன். அறுபத்தொரு பேர் காட்டினார்கள்.

அந்த டாக்டர் பல்லை மட்டும் பார்ப்பதில்லை, அக்கா. உதட்டைப் புரட்டுகிறார், நாக்கைத் துணியால் பிடித்து இரண்டு பக்கமும் பார்க்கிறார், கன்னத்தின் உள்ளே தடவுகிறார். கடைசியில் மூன்று விரலைக் குத்தாக வாய்க்குள் வைக்கச் சொல்கிறார். மூன்றும் போனால் சரி. போகவில்லை என்றால் உள்ளே ஏதோ கோளாறு இருக்கிறதாம், தனியாக ஒரு சீட்டு.

எதிர்வீட்டுப் பேராச்சி அக்காவை இழுத்துக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. அவள் புகையிலையைக் கருக்கிப் பொடித்துப் பல் தேய்ப்பவள், மஷேரி என்பார்கள் இங்கே. "எனக்குப் பொவயில பழக்கமே கெடையாது டாக்டரம்மா, பல்லு தேய்க்கதோட சரி" என்று சாதித்தாள். ஈறில் வெள்ளைப் படை இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அழுதுகொண்டே வந்தவளை நானே ரயிலில் கூட்டிப் போய் வந்தேன். சதை வெட்டிச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

திருவருகைக் காலத்துக்கு மிளகாய் மட்டும் இல்லை, காரம் முழுவதையும் விடப் போகிறேன். புளியும் கிடையாது. ஆறிய கஞ்சி, தேங்காய்த் துண்டு. லூர்து எனக்கென்று தனியாக வைக்கிறாள்.

உன் ஆசீர்வாதம் கேட்கும்,
சீலன்


27 டிசம்பர் 2023

அன்புத் தம்பிக்கு,

பிறந்த பாலன் உன் வீட்டுக்குச் சமாதானம் தரட்டும். உன் கடிதம் மதரின் பெட்டியில் காத்திருந்து கிறிஸ்துமஸ் பூசை முடிந்த பிறகு கைக்கு வந்தது. தபாலில் எங்கோ சுற்றிவிட்டு வந்திருக்கிறது.

அன்று மாலை நாங்கள் பேச அனுமதி உள்ள நேரத்தில் உன் கடிதத்தை எல்லாருக்கும் வாசித்தேன். காரமும் புளியும் விட்ட இடத்தில் சகோதரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உலகத்தில் உழைத்துச் சாப்பிடுகிற ஒரு மனிதன் இத்தனை ஒறுத்தல் செய்கிறான், நாம் இரவு மோரில் உப்புக் குறைந்தால் முகம் சுளிக்கிறோம் என்றார் ஒருவர். எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமை பாவம் என்று பிறகு பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிக்கொண்டேன்.

பேராச்சிக்காக வேண்டுகிறோம். முடிவு வந்ததும் எழுது.

இன்னொன்று. அறுபத்தொரு பேர் வாயைத் திறந்தார்கள் என்று எழுதினாய். மைக் பிடித்தவனின் வாயை யார் பார்த்தார்கள் என்று எழுதவில்லையே?

பிப்ரவரி 14 திருநீற்றுப் புதன், தவக்காலம் தொடங்கிவிடும். அதற்குள் எழுது.

அன்புடன்,
அக்கா


தாராவி
10 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இரு. இங்கே எல்லாரும் நலம் என்றுதான் எல்லாக் கடிதத்திலும் எழுதினேன். இதில் அப்படி எழுதவில்லை.

முதலில் நல்ல செய்தி. பேராச்சி அக்காவுக்குப் புற்று இல்லை. அந்தப் படையை அப்படியே விட்டிருந்தால் ஆகியிருக்கலாமாம். மஷேரியை விட்டுவிட்டாள், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பரீஹாவிடம் வாயைக் காட்டுகிறாள். தெருவில் பார்ப்பவர்களிடம் எல்லாம் என்னைக் காட்டி, "இவரு இழுத்துட்டுப் போகலன்னா நான் இல்ல" என்கிறாள். அவள் அப்படிச் சொல்லும்போது என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

முகாம் முடிந்து நாற்காலி அடுக்கும்போது யாரும் பார்க்காமல் என் விரலை வைத்துப் பார்த்தேன். இரண்டுதான் போனது. இப்போது இரண்டும் இடிக்கிறது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இடப்பக்கக் கடைவாய்ப் பல் வலித்தது. பட்டறையில் ஜெயராம் மாவா கொடுத்தான். பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் கலந்து தேய்த்தது. "இத அதக்கு வே, வலி மரத்துரும்" என்றான். மரத்தது. பல் டாக்டரிடம் போகவில்லை. அந்தப் பல் தானாக விழுந்துவிட்டது, மாவா விழவில்லை. அதே இடத்தில் இப்போது ஒரு புண். ஆகஸ்டிலிருந்து ஆறவில்லை.

நான் மிளகாயை விட்டது மாதாவுக்காக இல்லை, அக்கா. வாயில் வைத்தால் தீ மாதிரி எரிந்தது. லூர்து ஏன் என்று கேட்டாள், நேர்த்தி என்று வாயில் வந்துவிட்டது. நீ அதை மெச்சி எழுதினாய். மெச்சினபிறகு இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

வீட்டில் யாருக்கும் தெரியாது. ஜெனிக்குத் தெரிந்தால் என்ன ஆவாள்? போனால் வெட்டுவார்கள், பிறகு நான் வாசகம் எப்படி வாசிப்பேன்? எனக்குப் பயமாக இருக்கிறது. சின்ன வயதில் எதற்கும் நீ சொன்னால்தான் போவேன். இதற்கும் நீ சொல். போ என்று ஒரு வரி எழுது, போகிறேன்.

சீலன்


31 மார்ச் 2024
பாஸ்கா (ஈஸ்டர்) ஞாயிறு, மாலை

சீலா,

போ. இன்றைக்கே போ.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மதர் பெட்டியைத் திறந்து கடிதங்களைக் கொடுத்தார். உன்னுடையதைப் படித்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் மதரே எழுந்து வெளி அறைக்குப் போய் லூர்துவின் நம்பருக்குப் போன் போட்டார். இந்நேரம் உன் வீட்டில் தெரிந்திருக்கும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீ என் எழுத்தில்தான் கேட்டாய்.

ஏறக்குறைய நாற்பது நாள் என் அறையிலிருந்து இருபது அடி தூரத்தில் அந்தக் கடிதம் இருந்திருக்கிறது. நான் தினமும் அந்தப் பெட்டியைத் தாண்டிச் சிற்றாலயத்துக்குப் போனேன். உன் ஒறுத்தலுக்காக நன்றி சொல்லிக்கொண்டு போனேன்.

கடிதத்தில் பத்தாம் தேதி போட்டிருக்கிறாய். உறையில் முத்திரை பதிமூன்று. இடையில் அதை எங்கே வைத்திருந்தாய்? பதில் கேட்காதே என்று மதர் சொல்கிறார். நான் கேட்காமல் இருக்க முடியவில்லை.

உன்னை மெச்சினேனே, பாவி நான். அதற்கு என்னை மன்னித்துவிடு. பதில் எழுதாதே, ஆஸ்பத்திரிக்குப் போ.

அக்கா


தாராவி
21 ஏப்ரல் 2024

ஆனி மதினிக்கு,

லூர்தம்மாள் எழுதுகிறேன். நீங்கள் சுகமாக இருப்பீர்கள். எங்களுக்குச் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

உங்கள் மதர் போன் செய்த அன்றைக்கு ஜெனி அவர் முன்னால் டார்ச்சோடு உட்கார்ந்தாள். "அப்பா, வாயத் தெறங்க" என்றாள். அவரும் திறந்தார், கொஞ்சம்தான் திறந்தது. அவள் அந்தச் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தாள். டார்ச்சை அணைத்தாள். பிறகு சுவரில் தலையை முட்டிக்கொண்டு, "தெனம் முப்பது வாயப் பாக்கேன், என் வீட்டுல ஒரு வாயப் பாக்கலியே" என்று அழுதாள். பரீஹா டாக்டர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

சோதனை முடிந்துவிட்டது. புற்றுதான். கன்னமும் இடப்பக்கத் தாடையும் போகும், நாக்கில் ஒரு பங்கும் போகும், கழுத்துக் கட்டிகளையும் எடுப்பார்கள். மே மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். முகாம் அன்றைக்கே தெரிந்திருந்தால் இவ்வளவு வெட்ட வேண்டியிருக்காது என்று பரீஹா என்னிடம் மட்டும் சொன்னார். இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன்.

இந்த வருஷமும் பெரிய வெள்ளிக்குப் பாடுகளின் வரலாற்றை அவர்தான் வாசித்தார். நடுவில் வார்த்தை குழறியது, நின்று நின்று வாசித்தார், கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். ஆண்டவர் பாடு தாங்காமல் மனுசன் அழுகிறார் என்று பெண்கள் எல்லாரும் சேர்ந்து அழுதார்கள். நானும் அழுதேன், மதினி. நாலைந்து மாதம் தனிப் பானையில் கஞ்சி வடித்துக் கொடுத்து, என் புருசன் புண்ணியவான் என்று தெருவெல்லாம் பெருமை பேசினவள் நான். புண்ணியம் என்று பேர் வைத்ததும் ஒருத்தரும் கேள்வி கேட்கவில்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, எழுத எழுதப் போய்விட்டது.

வேண்டிக்கொள்ளுங்கள்.
லூர்து


தாராவி
15 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மாதா விண்ணேற்புத் திருநாள் வாழ்த்து. ஆறு மாதம் எழுதாமல் இருந்தேன். ஆபரேஷன் முடிந்தது, கரண்ட் வைப்பதும் முப்பது நாள் முடிந்தது. மூக்கு வழியாகக் குழாயில் கஞ்சி. தொடையிலிருந்து தோல் எடுத்துக் கன்னத்தில் தைத்திருக்கிறார்கள். அதில் முடி முளைக்கிறது, அக்கா. கன்னத்துக்குள் சவரம் செய்ய வேண்டிய ஒரே ஆள் தாராவியில் நான்தான் என்று ஜெனியிடம் எழுதிக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

நான் பேசினால் இவர்களுக்குப் புரிவதில்லை. ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். உப்பு என்று எழுதுகிறேன், தண்ணீர் என்று எழுதுகிறேன். உனக்குக் கடிதம் எழுதி எழுதிக் கிடைத்த பழக்கம் இப்போது வீட்டுக்குள்ளேயே உதவுகிறது.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிதத்தைச் சனிக்கிழமை எழுதினேன். எழுதியவுடன் போட்டிருந்தால் செவ்வாய்க்குள் வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் பட்டறைக்குப் போய் வந்தேன். செவ்வாய்க்கிழமை கடைசித் தபால் எடுக்கிற நேரம் பார்த்துப் போட்டேன். இனி நிச்சயம் உன் கையில் கிடைக்காது என்று தெரிந்த பிறகுதான் பெட்டிக்குள் விட்டேன். சொல்லிவிட்டேன் என்ற நிம்மதி வேண்டும், ஆனால் நாற்பது நாளைக்கு யாரும் போ என்று சொல்லக் கூடாது. இரண்டும் எனக்கு வேண்டியிருந்தது.

உன் மடத்துச் சட்டத்தின் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். நீ உன்னைத் திட்டிக்கொள்ளாதே. பெட்டிமேல் குற்றம் இல்லை.

சீலன்


8 அக்டோபர் 2024

அன்புத் தம்பிக்கு,

ஆண்டவர் உன் நோவைத் தம் கையில் வைத்துக்கொள்வாராக. உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். மூன்றாம் முறைதான் கோபம் அடங்கியது. ஒளிந்து விளையாடும்போது நீ எப்போதும் என் முதுகுக்குப் பின்னால்தான் ஒளிவாய். எனக்கு அது மறந்துபோனது.

உன்னிடம் சொல்ல ஒரு விஷயம் உண்டு. மதரிடம் கேட்டு, பக்கத்து ஊரிலிருந்து ஒரு பல் டாக்டரை வரவழைத்தோம். அவர் கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தால் வாய்க்குள் பார்க்க முடியாது என்றார். ஆயரிடம் அனுமதி வாங்கி உள்ளே நாற்காலி போட்டோம். முகத்திரையை விலக்கிப் பதினான்கு பேரும் வாயைத் திறந்தோம். மூன்று விரல் வைத்துப் பார்த்தோம். எண்பது வயது சகோதரி ஒருவர், பல்வலிக்கென்று மருந்துப் பெட்டியில் வைத்திருந்த புகையிலைத் துணுக்கை நாற்பது வருஷமாக ஈறில் வைத்து வந்திருக்கிறார். எங்கள் யாருக்கும் தெரியாது. அங்கே ஒரு படை. ஆரம்பம்தான், பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறார் டாக்டர். அவர் ஒவ்வொரு வேளையும் உன் பேரைச் சொல்லி ஜெபிக்கிறார்.

உன்னால் இருவர் தப்பினார்கள், சீலா. இதை எழுதும்போது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவர்கள் இருவரோடு நீயும் இருந்திருக்க வேண்டும்.

அக்கா ஆனி


தாராவி
22 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கும் உன் பதின்மூன்று சகோதரிகளுக்கும் தோத்திரம். தவக்காலத்துக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. இதை இன்று எழுதி இன்றே, ஸ்பீட் போஸ்டில், ஜெனி கையாலேயே அனுப்புகிறேன். முத்திரையைப் பார்த்துக்கொள்.

கழுத்தில் திரும்ப வந்துவிட்டது. வலப்பக்கமும் இருக்கிறது. இனி வெட்ட முடியாது, வலிக்கு மருந்து தருகிறோம் என்றார்கள். எவ்வளவு நாள் என்று நோட்டில் எழுதிக் கேட்டேன். டாக்டர் என் நோட்டிலேயே பதில் எழுதினார், ஜெனி பார்க்கக் கூடாது என்று. பாஸ்காவைத் தாண்டுவது கஷ்டம்.

நம் கோயில் மண்டபத்தில் போன ஞாயிறு மறுபடி முகாம் நடந்தது. ஜெனி மைக் பிடித்தாள். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் கூப்பிடத் தேவையில்லாமல் போயிற்று, என் முகத்தைப் பார்த்தவர்கள் நேரே வரிசையில் போய் நின்றார்கள். நூற்று நாற்பது பேர். ஜெயராம் முதல் ஆளாகக் காட்டினான், என்னைப் பார்க்காமல் போய்விட்டான்.

நேற்று லூர்து மீன் குழம்பு வைத்தாள். வாசனை வந்தது. கொஞ்சம் வேண்டும் என்று நோட்டில் எழுதினேன். அவள் ஒரு சொட்டை விரலில் தொட்டு என் உதட்டில் வைத்தாள். எரிந்தது, அக்கா. விரலை எடுக்க வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

இந்தத் தடவை நான் ஒளியவில்லை. பெட்டி மூடுவதற்கு முன்னால் ஒரு வரி எழுது.

சீலன்


2 மார்ச் 2025

என் சீலனுக்கு,

உன் கடிதம் வந்தது. முத்திரையைப் பார்த்தேன். இருபத்திரண்டு.

மதர் என்னைக் கூப்பிட்டுப் பெட்டியின் சாவியை மேசையில் வைத்தார். "உன் தம்பி கடிதத்துக்கு இந்த வருஷம் தவக்காலம் கிடையாது" என்றார். திருநீற்றுப் புதனானாலும் பெரிய வெள்ளியானாலும் நீ எழுதுவது வந்த நாளே என் கைக்கு வரும். எழுதக் கை வராத நாளில் ஜெனி வெறும் தாளை மடித்துப் போடட்டும். நான் தினமும் எழுதுவேன்.

லூர்துவிடம் சொல், குழம்பு நாளைக்கும் வைக்கட்டும், நாளை மறுநாளும் வைக்கட்டும். ஏழு மிளகாய் போடட்டும். எட்டாவது போட்டாலும் யாரும் அடிக்கப் போவதில்லை.

இந்தத் தவக்காலத்துக்கு நீ எதையும் விட வேண்டாம், தம்பி.

அக்கா